வாயைச் சுற்றிய கருமை: பூசுவதற்கு முன் நிறுத்துங்கள்

வாயைச் சுற்றித் தோல் கறுத்துவிட்டது என்று மருத்துவரிடம் போகிறவர்கள் பலர் கைப்பையில் இரண்டு மூன்று ட்யூப்களையும் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். ஒன்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. இன்னொன்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது. மற்றொன்று செல்போனில் விளம்பரம் பார்த்து வரவழைத்தது. “எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு டாக்டர். முதல்ல குறைஞ்ச மாதிரி இருந்தது, இப்ப முன்னைவிட அதிகமாயிடுச்சு. வேற நல்ல க்ரீமா எழுதிக் கொடுங்க.” அனுபவமுள்ள தோல் மருத்துவர் பேனாவை எடுப்பதற்கு முன் அந்த ட்யூப்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கருமைக்கான காரணம் பல சமயம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும்.

வாயோரம் கறுப்பது தனி நோய் அல்ல, ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் பற்பசை இருக்கலாம், மாங்காய்ப் பால் இருக்கலாம், ஹார்மோன் இருக்கலாம், இன்சுலின் இருக்கலாம், பாட்டி வழியில் வந்த முகவாகும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே வெளுப்பு க்ரீமைத் தடவுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. எதைப் பூசலாம் என்று கேட்பதற்கு முன்னால், எதை நிறுத்தலாம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். மேல்தோலின் அடிவரிசையில் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கும் மெலனோசைட் என்ற செல்கள் அதைத் தயாரிக்கின்றன. ஒரு மெலனோசைட் தன் நீண்ட கிளைகளை நீட்டி, சுற்றியுள்ள ஏறத்தாழ 36 தோல் செல்களுக்கு மெலனின் பொட்டலங்களை வழங்குகிறது. அவற்றைப் பெற்றுக்கொண்ட செல், தன் உட்கருவின் தலைக்கு மேல், வெயில் வரும் பக்கமாகப் பார்த்து, குடை பிடிப்பது போல அடுக்கி வைக்கிறது. உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வைப் புறஊதாக் கதிர் சிதைக்காமல் காப்பது அந்தக் குடைதான். வெளுத்தவருக்கும் கறுத்தவருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றே. பொட்டலத்தின் அளவும், உள்ளே இருக்கும் மெலனினின் அடர்த்தியும், அது எவ்வளவு சீக்கிரம் சிதைகிறது என்பதும்தான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன.

மாநிறத் தோலில் இந்தச் செல்கள் சட்டென்று விழித்துக்கொள்பவை. தோலில் எங்கே எரிச்சலோ வீக்கமோ வந்தாலும், அப்போது சுரக்கும் வேதிப்பொருள்கள் மெலனோசைட்டையும் உசுப்பிவிடுகின்றன. பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கரும்புள்ளி நிற்பது இதனால்தான். மேல்தோலில் மட்டும் சேர்ந்த மெலனின் பழுப்பாகத் தெரியும். செல்கள் உதிர உதிர அதுவும் கழிந்துவிடும். எரிச்சல் கடுமையாகி அடிவரிசைச் செல்கள் சிதைந்தாலோ, மெலனின் கீழே உள்தோலுக்குள் விழுந்துவிடுகிறது. அங்கே உள்ள துப்புரவுச் செல்கள் அதை விழுங்கிவிட்டு நகராமல் கிடக்கும். இந்த ஆழ்ந்த கருமை சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். மேலே பூசும் எந்த க்ரீமும் அதை எளிதில் எட்டாது.

இந்தப் பின்னணியில் வாயைச் சுற்றிய தோலை நினைத்துப் பாருங்கள். உடம்பில் வேறெந்த இடமும் நாள் முழுக்க இவ்வளவு தொல்லைக்கு ஆளாவதில்லை. காலையில் பற்பசை நுரை, அப்புறம் காபி, சாப்பாட்டில் புளியும் காரமும், ஒவ்வொரு வேளையும் கழுவித் துடைக்கும் துண்டின் உரசல், உறக்கத்தில் வழியும் எச்சில், ஆண்களுக்குச் சவரம், பெண்களுக்கு மேலுதட்டு முடியை எடுக்கும் த்ரெட்டிங், வேக்ஸிங், ப்ளீச். குளிர்காலத்தில் உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும் குழந்தைகளுக்கு, நாக்கு எட்டும் தூரம் வரை அளந்து வரைந்தது போல வளையமாகக் கறுத்திருப்பதைப் பார்க்கலாம். எச்சில் காயும்போது தோலின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது; அதிலுள்ள செரிமான நொதிகள் வேறு அரிக்கின்றன. அந்தக் குழந்தைக்கு வெளுப்பு க்ரீம் எதற்கு? இரவும் பகலும் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, நக்கும் பழக்கத்தை நயமாகப் பேசி விடுவித்தால் போதும்.

காரணத்தை நிறுத்தினாலே கருமை போகும் என்பதற்கு ஜப்பான் நல்ல சாட்சி. 1917-ல் வியன்னாவில் குஸ்தாவ் ரீல் என்ற தோல் மருத்துவர், முகம் பழுப்பும் சாம்பலுமாகக் கறுத்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். முதல் உலகப் போர்க்காலம் அது. கலப்பட உணவுதான் காரணம் என்று அவர் கருதினார். அரை நூற்றாண்டு கழித்து ஜப்பானியப் பெண்கள் பலருக்கு அதே போல முகம் கறுக்கத் தொடங்கியது. பட்டினியும் இல்லை, போரும் இல்லை. டோக்கியோவில் ஹிடேயோ நாகயாமாவும் அவருடன் இருந்த மருத்துவர்களும், அந்தப் பெண்கள் பயன்படுத்திய அழகுசாதனங்களின் கூட்டுப்பொருள்களைத் தனித்தனியே எடுத்து முதுகுத் தோலில் ஒட்டிச் சோதித்தார்கள். வாசனைப் பொருள்கள் சிலவும், சிவப்புச் சாயம் ஒன்றில் கலந்திருந்த சூடான் 1 என்ற மாசும் அகப்பட்டன. அவை இல்லாத சோப்பையும் ஒப்பனைப் பொருள்களையும் மட்டும் கொடுத்தபோது, பல முகங்கள் மெதுவாக, ஓராண்டு ஈராண்டில் தெளிந்தன. 1970களின் பிற்பகுதியில் பெரிய நிறுவனங்கள் அந்தப் பொருள்களைக் கைவிட்டதும் புதிய நோயாளிகள் வருவது வெகுவாகக் குறைந்தது. அரிப்போ சிவப்போ வெளியே தெரியாமலேயே ஒவ்வாமை தோலைக் கறுக்கச் செய்யும் என்று மருத்துவம் உறுதியாகக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

நம் வீடுகளில் அந்த இடத்தில் இருப்பவை வேறு. பட்டைச் சுவையோ கடும் புதினா வாசமோ உள்ள பற்பசை, லிப்ஸ்டிக், வாசனையூட்டிய ஃபேஸ் வாஷ், தலைக்குப் பூசும் சாயம் முகத்தில் வழிவது. சித்திரை வைகாசியில் மாங்காயைக் கடித்துத் தின்னும் பிள்ளைகளுக்கு வாயோரம் புண்ணாகி, ஆறிய பிறகு கறுத்து நிற்பதைக் கிராமத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மாங்காய்ப் பாலிலும் தோலிலும் உள்ள ஒருவகைப் பிசின் பொருள் அதைச் செய்கிறது. முந்திரிக்கொட்டையின் ஓட்டுப் பாலும் சேங்கொட்டையும் அதே தாவரக் குடும்பம். அவையும் இதே வேலையைச் செய்பவை. எலுமிச்சையின் கதை வேறு. அதன் தோலிலுள்ள எண்ணெய் முகத்தில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் தோல் வெந்து கறுக்கும். கருமை போக எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொல்லும் குறிப்புகள் எத்தனை எத்தனை! அவற்றை எழுதுகிறவர்கள் இதை மட்டும் சொல்வதே இல்லை.

ஆனால் இன்று அதிகம் கவலைப்பட வேண்டியது ஸ்டீராய்டு க்ரீம்களைப் பற்றித்தான். இதன் ஆரம்பம் நல்ல மருத்துவத்தில் இருக்கிறது. 1975-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் க்ளிக்மனும் ஐசக் வில்லிஸும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு கலவையை வெளியிட்டார்கள். முதலாவது, மெலனின் தயாரிக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கும். இரண்டாவது, தோல் செல்களைச் சீக்கிரம் உதிரச் செய்யும். மூன்றாவது, முதல் இரண்டும் உண்டாக்கும் எரிச்சலை அடக்கும். மருத்துவரின் கண்காணிப்பில் சில வாரங்கள் பூச வேண்டிய மருந்து. நம் நாட்டில் இதே பாணிக் கலவைகள், வீரியம் கூடிய ஸ்டீராய்டுடன், சிவப்பழகு க்ரீம் போலக் கேட்பவருக்கெல்லாம் கிடைத்தன. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும். அதைப் பார்த்து அக்கா தங்கைக்குக் கொடுப்பார், தங்கை தோழிக்குச் சொல்வார்.

மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும். மேலுதட்டில் முடி அடர்ந்து வளரும். வாயைச் சுற்றிச் சிறுசிறு சிவந்த பொரிகள் கிளம்பும். உற்றுப் பார்த்தால் உதட்டு விளிம்பை ஒட்டிய மெல்லிய வளையம் மட்டும் தப்பித்துச் சுத்தமாக இருக்கும். தோல் மருத்துவர்கள் அந்த வளையத்தைப் பார்த்தே நோயை அடையாளம் கண்டுவிடுவார்கள். க்ரீமை நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். பயந்துபோய் மறுபடி பூசினால் அடங்கும். இப்படியே அது விடாத பழக்கமாகிவிடுகிறது. ஒவ்வொரு எரிச்சலும் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கருமையை விட்டுச் செல்கிறது. ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்ற பொருளில் இதற்குத் தனிப் பெயரே வைத்தவர்கள் இந்திய மருத்துவர்கள்தான். அவர்களுடைய தொடர்ந்த குரலுக்குப் பிறகு, 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. அறிவிப்பு இருக்கிறது, கடையில் கேட்டால் கிடைக்கவும் செய்கிறது. அதனால் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ட்யூபை இன்றே எடுத்துப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. பல மாதமாகப் பூசி வருபவர் தானாகத் திடீரென்று விடவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள், படிப்படியாக வெளியே கொண்டு வருவார்.

பெயரே இல்லாத க்ரீம்கள் இதைவிட ஆபத்தானவை. பாதரசம் டைரோசினேஸ் நொதியை முடக்கும். அதனால் முகம் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய க்ரீம் பூசியவர்களுக்கு, சிறுநீரில் புரதம் கொட்டும் அரிய சிறுநீரக நோய் வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2023-ல் வெளிப்படுத்தினார்கள். தயாரித்தவர் முகவரியும் கூட்டுப்பொருள் பட்டியலும் இல்லாத டப்பா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் வரக் கூடாது.

இனி மங்கு. கன்னத்திலும் நெற்றியிலும் மட்டுமல்ல, மேலுதட்டின் மேலும் மங்கு படரும். மீசை அரும்பியது போலத் தெரிவதால் பெண்கள் இதற்கு மிகவும் சங்கடப்படுகிறார்கள். கருத்தரிப்பு, கருத்தடை மாத்திரை, பரம்பரை, இவற்றோடு வெளிச்சம். வெயிலின் புறஊதாக் கதிரைப் பற்றித்தான் நெடுங்காலம் பேசி வந்தார்கள். 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மாநிறத் தோலையும் கறுத்த தோலையும் வாரக்கணக்கில் நிற்கும் அளவுக்குக் கருக்க வைத்தது. வெள்ளைத் தோலில் அப்படி எதுவும் நடக்கவில்லை. மெலனோசைட்டில் உள்ள ஆப்சின் 3 என்ற புரதம் நீல ஒளியை உணர்ந்து இதைத் தூண்டுகிறது என்று 2018-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டார்கள். நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் இந்த ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் டிண்டட் சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். வெயிலோடு ஒப்பிட்டால் செல்போன் திரையின் வெளிச்சம் மிகவும் சொற்பம். அதற்காகப் பயந்து தனி க்ரீம் வாங்க வேண்டியதில்லை.

எந்த நோயும் இல்லாமலும் வாயோரம் கறுத்திருக்கும். உதட்டு முனையிலிருந்து முகவாயின் பக்கவாட்டில் பட்டையாக இறங்கும் கருமை இந்திய முகங்களில் மிகவும் சகஜம். நிறம் மாறும் எல்லைக்கோடுகளில் ஒருவகையாக இதைத் தோல் மருத்துவர்கள் வகைப்படுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் வயதுக்கு வரும் பருவத்தில் தெளிவாகும், அம்மாவுக்கும் சித்திக்கும் இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அரிக்காது, தோலின் தன்மையும் மாறியிருக்காது. இது அந்த முகத்தின் இயல்பு. இதற்கு மருந்து தேடித்தான் பல இளம்பெண்கள் ஸ்டீராய்டு ட்யூபில் போய் மாட்டுகிறார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. இயல்பான நிறத்தை நோய் என்று சொல்லி விற்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது.

உடம்புக்குள் பார்க்கச் சொல்லும் கருமைகளும் உண்டு. தோல் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல இருந்து, கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் அதே போலக் கறுத்திருந்தால் அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். இரத்தத்தில் அளவுக்கு மேல் சுற்றும் இன்சுலின், தோல் செல்களில் உள்ள வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகளையும் தூண்டி அவற்றைப் பெருகச் செய்கிறது. இந்தியாவில் வளர்ந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கும், புதுச்சேரியில் 26 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கும் நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது. இந்த நிலையில் அழுக்கு என்று கழுத்தைத் தேங்காய் நாரால் தேய்ப்பதை விட்டு, சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வதே முறை. எடை குறைந்தால் இந்தக் கருமையும் குறையும். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் முகத்தில் முடியும் வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் பார்க்க வேண்டும்.

உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் மிளகை நறுக்கித் தூவியது போல் குழந்தைக்குப் புள்ளிகள் இருந்து, அடிக்கடி வயிற்றுவலியும் வந்தால், குடலில் சதைக்கட்டிகள் வளரும் பரம்பரை நோயாக இருக்கக்கூடும். தீராத சோர்வு, எடை இழப்பு, ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுப்பது ஆகியவை அட்ரினல் சுரப்பியின் குறைபாட்டைச் சுட்டும். பி12 குறைந்தாலும் விரல் முட்டிகளோடு சேர்ந்து முகம் கறுக்கலாம். இவை அரிது, ஆனாலும் தவறவிடக் கூடாதவை.

வைத்தியத்தில் முதல் ஆறு எட்டு வாரம் தோலுக்கு ஓய்வு கொடுப்பதுதான். வாசனையில்லாத மென்மையான சோப்பு, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், நுரை குறைந்த சாதாரணப் பற்பசை. பல் துலக்கியதும் வாயோரத்தை நன்றாகக் கழுவிவிட வேண்டும். ஸ்க்ரப், ப்ளீச், எலுமிச்சை, சந்தேகமான க்ரீம் எல்லாம் நிறுத்தம். புதிதாக எதைத் தொடங்கினாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்கு. சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி முகம் கழுத்தெல்லாம் பூச வேண்டும். சாப்பிட்டு வாய் துடைத்ததும் மேலுதட்டில் பூசியது போய்விடும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே மறுபடி பூசுங்கள்.

அதற்குப் பிறகும் நின்றால் மருந்து. வாயைச் சுற்றி முதலில் தொடங்கத் தக்கவை அஸெலாயிக் அமிலமும் நியாசினமைடும். கர்ப்பிணிகளும் அஸெலாயிக் அமிலத்தைப் பயன்படுத்தலாம் என்பது இதன் பெரிய நன்மை. ஹைட்ரோகுவினோன் வலுவான மருந்து. இதற்கு நெருங்கிய உறவான வேதிப்பொருள் நிறத்தை அழிக்கும் என்பது தெரிய வந்ததே ஓர் அமெரிக்கத் தோல் பதனிடும் ஆலையில். அங்கே அந்தப் பொருள் கலந்த ரப்பர் கையுறை அணிந்த தொழிலாளர்களின் கைகள் வெளுத்ததை 1939-ல் பதிவு செய்தார்கள். மருத்துவர் சொல்லும் சில மாதங்களோடு ஹைட்ரோகுவினோனை நிறுத்தாமல் வருடக்கணக்கில் பூசினால், தென்னாப்பிரிக்காவில் 1970களில் கண்டது போல, நீலம் கலந்த கருமை நிரந்தரமாக ஏறிவிடும். ட்ரெட்டினாயின் வாயோரத்தை மிகவும் எரிக்கும், கர்ப்பகாலத்தில் கூடாது. விடாத மங்குக்கு ட்ரானெக்ஸாமிக் அமில மாத்திரை பலன் தருகிறது. ஆனால் அது இரத்தக் கசிவை நிறுத்தக் கொடுக்கும் மருந்து. இரத்தக் கட்டு வந்தவர்கள் சாப்பிடக் கூடாது, மற்றவர்களும் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. பீலிங்கும் லேசரும் நம் தோலில் கை தவறினால் புதுக் கருமையை உண்டாக்கும்.

பழுப்பா நீலமா, மேலோ ஆழமோ என்று பிரித்தறிய, மருத்துவர் அறையை இருட்டாக்கி வுட்ஸ் விளக்கின் ஊதா ஒளியை முகத்தில் காட்டுவார். மேல்தோல் கருமை அந்த ஒளியில் தூக்கலாகத் தெரியும், ஆழ்ந்த கருமை அப்படித் தூக்கலாகத் தெரியாது. மிகவும் கறுத்த தோலில் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. மேலோட்டமான கருமை மங்க 6 முதல் 12 மாதம் ஆகும். ஆழ்ந்தது ஆண்டுக்கணக்கில் நிற்கும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதால் மாற்றம் தெரியாது. மாதம் ஒருமுறை அதே ஜன்னல், அதே நேரம், ஒப்பனை இல்லாமல் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஓடி வருபவர்களுக்கும் ஒரு பதில் தேவைப்படுகிறது. அந்த மூன்று வாரத்தில் புது மருந்து வேண்டாம், பீலிங் வேண்டாம், பார்லரில் ப்ளீச் கூடவே கூடாது. மணநாளன்று முகம் சிவந்து உரிந்து நிற்பது பெரும்பாலும் இவற்றால்தான். முன்பே பழகிய மாய்ஸ்சரைசரும் டிண்டட் சன்ஸ்கிரீனும் போதும். மேலுதட்டு முடியை எடுப்பதாக இருந்தால் நான்கைந்து நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள். அன்றைய அலங்காரத்துக்கு, ஆரஞ்சு நிற கரெக்டரை மெல்லியதாக வாயோரத்தில் தடவி அதன் மேல் வழக்கமான ஃபவுண்டேஷன் போடச் சொல்லுங்கள்; நீலச் சாயல் அதில் அடங்கிவிடும். வைத்தியத்தை மறுவீடு முடிந்து, நிதானமாகத் தொடங்கலாம்.